நூற்று நாற்பத்து மூன்று தடவை

நானா? நான் எங்கே சார் பாடினேன்? வாயே திறக்கவில்லையே. திண்டிவனத்தில் நீங்கள் ஏறியதிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் ஏதாவது தகடு ஆடியிருக்கும். இந்த வண்டியில் ஆடாத தகடு எது?

சரி, முணுமுணுத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து அது நல்ல பாட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல்லில் நார் மாட்டிக்கொண்டால் நாக்கு அங்கேயேதான் போகும். கீரை ருசி என்றா அர்த்தம்?

உங்கள் பையில் என்ன? பம்புசெட் விலைப்பட்டியலா? விருத்தாசலத்தில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டுமா? நல்லது. உங்களுக்கு இசை தெரியாது. தப்பாகச் சொல்லவில்லை சார், நிம்மதியான மனிதர் என்கிறேன். எனக்குத் தெரியும். அதுதான் என் தலைவலி.

விளக்கமாகச் சொல்கிறேன். சினிமாவுக்குப் பாடாமல், தாங்களே எழுதி, தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து இணையத்தில் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தனியிசை என்கிறார்கள். சென்னையில், கோயம்புத்தூரில், நாகர்கோவிலில், எங்கே பார்த்தாலும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு குழு. குழுவுக்கு ஒரு பெயர். பெயரைக் கேட்டாலே உங்களுக்குத் தாகம் எடுக்கும். 'உடைந்த மிதிவண்டி.' 'நாளைய நிழல்.' 'எதிர்வீட்டு மௌனம்.' பாட்டோடு ஒரு செய்திக்குறிப்பும் அனுப்புவார்கள். "எங்கள் ஆன்மாவின் அடியாழத்திலிருந்து" என்றுதான் ஆரம்பிக்கும். அத்தனை பேர் ஆன்மாவும் ஒரே ஆழத்தில், ஒரே கிதாரோடு உட்கார்ந்திருக்கிறது.

இவர்களில் யார் என்ன வெளியிட்டார்கள், எது தேறும், எது தேறாது என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? நான் சொல்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'ஒலிக்குறிப்பு' என்று மின்னஞ்சலில் ஒரு பட்டியல். பதினோரு வருடமாக ஒரு வாரம் விட்டதில்லை. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். ஒரு வெளியீட்டுக்கு மூன்று வரி, ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். 'இந்தப் பாட்டில் சிறந்த இடம், அது முடிகிற இடம்' என்று ஒரு தடவை எழுதினேன். 'கிதார் வாங்கிய ரசீதை இதைவிட உணர்ச்சியோடு வாசிக்கலாம்' என்று இன்னொரு தடவை. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றரைக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை. மூன்றரையே இரண்டு பேருக்குத்தான். வாங்கியவுடன் இரண்டு பேரும் கெட்டுப்போனார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரை அட்டையில், பெட்டியில் அச்சாகிற வாசகத்தைச் சரிபார்ப்பது. ஒரு எழுத்து மாறினால் ஆள் போய்விடும். என் கையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. அச்சுக்குப் போனது போனதுதான், பிறகு திருத்தம் என்ற பேச்சே இல்லை. ஒலிக்குறிப்பிலும் அப்படித்தான். ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டீர்களே, அந்தப் பாட்டு.

விருத்தாசலத்தில் ஒரு குழு. பெயர் 'ஈரச்சாக்கு'. சிரிக்கிறீர்களே, நானும் சிரித்தேன். இரண்டே பேர். அஞ்சலாட்சி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பீங்கான் பட்டறையில் வேலை. அவள்தான் பாடுகிறவள். தாவீது என்று ஒருவன் கிதார். அவன் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன். தாளத்துக்கு என்ன தெரியுமா? பட்டறையில் செய்கிற பீங்கான் பியூஸ் கட்டை. அதை ஒன்றோடு ஒன்று தட்டுவார்கள். டிக், டிக், டொக். பியூஸ் கட்டை சார்! மிருதங்கம் செய்த பாவம் என்ன?

இவர்கள் வீட்டுக்குச் சுவர் ஒட்டி ஒரு மாவு மில். காலை எட்டிலிருந்து ஓடும். அந்தச் சத்தத்தில் எதுவும் பதிவு செய்ய முடியாது. அதனால் மாதம் ஒரு நாள், மின்சார வாரியம் பராமரிப்புப் பணிக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில்தான் இவர்கள் பதிவு செய்வார்கள். ஒன்பதிலிருந்து ஐந்து வரை மில் ஓடாது. பாட்டரியில் ஓடுகிற கருவியை வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு பகல். இதைச் செய்திக்குறிப்பில் பெருமையாக எழுதியிருந்தார்கள். தொகுப்பின் பெயரே 'பராமரிப்புப் பணி'.

அதில் முதல் பாட்டு, 'ஒன்பது முதல் ஐந்து வரை'. ஆறு நிமிஷம். பாட்டுக்கு வரி எழுதக்கூட மெனக்கெடவில்லை. பேப்பரில் மின்தடை அறிவிப்பு வருமே, அதையே பாடுகிறாள். பூதாமூர், ஆலடி, பரவளூர், மணவாளநல்லூர். ஊர் ஊராகப் பெயர். ஒவ்வொரு அடிக்கும் பிறகு 'மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்'. இதுதான் பல்லவி. இதற்கு ஒரு ஆள் தேவையா? மின்வாரிய ஊழியரே வாசித்தால் போதாதா?

வெளியீட்டுக்கு முந்தின வாரம் எனக்கு இணைப்பு அனுப்பினார்கள். இது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். ஊருக்கு முன்னால் விமர்சகருக்கு ஒரு தனி இணைப்பு வரும். நான் கேட்டேன். மூன்று நிமிஷம் கேட்டேன். போதும் சார். முடி வெட்டுகிறவர் கத்தரியைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியாதா, முழுத் தலையையும் கொடுத்தா பார்க்க வேண்டும்?

கேட்டுவிட்டு எழுதினேன். சொல்லட்டுமா? 'ஆறு நிமிடமும் பின்னணியில் ஏதோ இயந்திரம் இரைகிறது. பராமரிப்பு நாளில் பதிவு செய்ததாகப் பெருமை வேறு. பதிவு செய்கிறவர்களுக்குக் காது பராமரிப்பு தேவை. இரண்டாம் தடவை கேட்க இதில் ஒன்றுமில்லை. ஐந்துக்கு இரண்டு.'

காது பராமரிப்பு. நன்றாக இருக்கிறதல்லவா? பதினெட்டுப் பேர் பதில் போட்டார்கள், பிரமாதம் என்று.

மறுநாள் சனிக்கிழமை. முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். போனில் வேறு ஏதோ தேடப் போய் அந்தப் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. கையெல்லாம் நுரை. நிறுத்த முடியவில்லை. பூதாமூர் போச்சு, ஆலடி போச்சு, பரவளூர் போச்சு. அந்த இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான்காவது நிமிஷத்தில், மணவாளநல்லூருக்குப் பிறகு, அவள் நிறுத்தினாள். பாதி அடியில். கிதார் நின்றது. பியூஸ் கட்டை நின்றது.

அந்த இரைச்சலும் நின்றது.

சார், கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். என் வீட்டில். சவரக்கத்தியோடு வெளியே வந்து ஸ்விட்ச்போர்டைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழேயே நிற்கிறேன். இருந்தாலும் ஸ்விட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. அதுவும் பாட்டில்தான். யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். அப்புறம் அவள் பாடினாள், ஒற்றைக் குரலில், 'கார்குடல்' என்று. அவ்வளவு நேரம் பாடியது வேறு யாரோ மாதிரி இருந்தது.

தாடையில் வெட்டிக்கொண்டேன். இதோ, தழும்பு தெரிகிறதா? தெரியாவிட்டால் பரவாயில்லை.

என் முதல் சந்தேகம், இது பிழை. வரி மறந்துபோய் நிறுத்தியிருக்கிறாள், அதே நேரத்தில் ஏதோ நின்றிருக்கிறது. பிழை என்றால் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அது என் தொழில். அதனால் இன்னொரு தடவை கேட்டேன். பிழைதானா என்று உறுதி செய்ய மூன்றாம் தடவை. ஆபீஸ் போகிற ரயிலில் ஒரு தடவை, வருகிற ரயிலில் ஒரு தடவை. சாப்பாட்டு இடைவேளையில். ஒரு வாசகத்தை நாங்கள் ஏழு தடவை சரிபார்ப்போம் சார், அந்த மாதிரி. இருபது நாளில், ஒரு நாளைக்கு ஏழு. ஏழு அதிகமா? நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள்?

அதற்குள் பாட்டு வெளியாகி ஊரெல்லாம் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் அங்கே போய்க் கேட்டால் அவர்கள் கணக்கில் எண்ணிக்கை ஏறும். நான் எதற்கு ஏற்றிவிட வேண்டும்? இரண்டு போட்ட கைக்கு அது அழகா? அதனால் எனக்கு அனுப்பிய தனி இணைப்பிலேயே கேட்டேன். யாருக்கும் தெரியாது பாருங்கள்.

போன திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. அஞ்சலாட்சியிடமிருந்து. மூன்றே வரி. 'வணக்கம் சார். உங்கள் இணைப்பில் இன்றோடு நூற்று நாற்பத்து மூன்று தடவை. ரொம்ப நன்றி. வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் பராமரிப்பு நாள், பதினொன்றரைக்கு மில்லுக்குள் வாசிக்கிறோம், முடிந்தால் வாருங்கள்.'

ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த இருமல் மருந்துப் பெட்டியில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்' என்ற வரியை ஒன்பது தடவை படித்தேன். தலையில் ஏறவில்லை.

போன் செய்தேன். மின்னஞ்சலுக்குக் கீழேயே நம்பர் இருந்தது.

"யாரு?" என்றாள்.

"ஒலிக்குறிப்பு வேதாசலம்."

"ஐயோ, சார், நீங்களா! இருங்க சார், கையெல்லாம் மண்ணு. தொடச்சிக்கறேன். சொல்லுங்க சார், சாப்டீங்களா?"

பாருங்கள், இரண்டு போட்டவனிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். கொஞ்சமாவது சுரணை வேண்டாம்?

"அந்த எண்ணிக்கை உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது தெரியுமே சார். யாருக்கு அனுப்புறோமோ அவங்க எத்தனை தடவை கேட்டாங்க, எவ்ளோ தூரம் கேட்டாங்கன்னு நமக்கு வந்துடும்."

"எவ்வளவு தூரமா?"

"ஆமா சார். எந்த நிமிசத்துல நிறுத்தினாங்கன்னு."

"இது எத்தனை வருஷமா?"

"மொதல்லேருந்து இருக்கு சார். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும். உடைந்த மிதிவண்டிக்கு, நாளைய நிழலுக்கு, எல்லாருக்கும். அவளே மேலும் சொன்னாள், "சார், கோச்சுக்காதீங்க. எங்க ஆளுங்க குரூப்புல உங்களுக்கு ஒரு பேரு உண்டு."

"என்ன பேரு?"

"வேணாம் சார்."

"சும்மா சொல்லும்மா."

"அரைப்பாட்டு. 'அரைப்பாட்டு சார்கிட்டேருந்து வந்துடுச்சா'ன்னு கேட்டுக்குவாங்க. ஆனா எங்க பாட்டத்தான் சார் நீங்க முழுசா கேட்டிருக்கீங்க. தாவீது நம்பவே இல்ல. ஒங்க போன் கெட்டுப்போயி அதுவா ஓடுதுன்றான்."

பின்னால் தாவீது சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பு ரிப்பேர் செய்கிறவன், என் போனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான்.

விட்டேனா? கேட்டேன். "அந்த இரைச்சல் என்னம்மா? பராமரிப்பு நாள்னு சொல்லிட்டு மில்லு ஓடுற சத்தத்தோட பதிவு பண்ணியிருக்கீங்க. அந்த இடத்துல வரி மறந்துதானே நிறுத்தினீங்க?"

"மறக்கல சார். அந்தப் பாட்ட மட்டும் கரண்டு போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சோம். எட்டு அம்பத்தஞ்சுக்கு. எப்ப மில்லு நிக்குதோ அப்ப நானும் நிறுத்திடணும்னு. ஆனா லைன்மேன் சரியா ஒம்போதுக்கா நிறுத்துவாரு? ஒரு மாசம் பாட்டே முடிஞ்சிபோச்சு, கரண்டு போவல. அடுத்த மாசம் ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கடுத்த மாசம் நல்லா வந்தது சார், தாவீதுக்குத் தும்மல் வந்துடுச்சு. நாலாவது மாசந்தான் இது."

நாலு மாதம் சார். ஒரு நிறுத்தத்துக்கு. வேலையற்ற ஜனங்கள்.

"அப்ப நான் எழுதினது தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மூணு நிமிசத்துல நிறுத்தினது எங்களுக்குத் தெரியும் சார். அத வெளிய சொன்னா ஒங்களுக்குத்தான் அசிங்கம். விட்டுட்டோம். அப்புறம் நீங்களே கேட்டுட்டீங்க. அது போதும்."

என்ன திமிர் பார்த்தீர்களா? எனக்கு அசிங்கம் வரக்கூடாதாம். இவள் பார்த்துக்கொள்கிறாளாம், எனக்கு. அதைத்தான் இன்றைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன். லீவு போட்டுவிட்டு ஆறு மணி பஸ் பிடித்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நூற்று நாற்பத்து மூன்று என்பது ரசனை இல்லை, பரிசோதனை. இரண்டு, அந்த எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது. 'இரண்டாம் தடவை கேட்க ஒன்றுமில்லை' என்று எழுதியவன் நூற்று நாற்பத்து மூன்று தடவை கேட்டான் என்று வெளியே தெரிந்தால் ஒலிக்குறிப்பை நாளைக்கு யார் மதிப்பார்கள்?

பாட்டையும் கேட்பேன்தான். போனதற்கு. கரண்ட் இல்லாத மில்லில் ஒலிபெருக்கி இல்லாமல் எப்படிப் பாடுகிறார்கள் என்று என் கண்ணால் பார்த்தால்தானே சரியாகத் திட்ட முடியும்?

உளுந்தூர்ப்பேட்டை தாண்டிவிட்டதா? இன்னும் அரைமணி.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். காலையிலிருந்து இரண்டு தடவை அடித்துவிட்டது. யாரா? ஜெரோம் என்று ஒருவன். சென்னையில் ஜனவரியில் 'மொட்டைமாடி விழா' என்று நடத்துகிறான். இந்தத் தனியிசை ஆட்களுக்கு அதில் இடம் கிடைத்தால் போதும். பெங்களூர், கொச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் ஊரில் உட்கார்ந்து பியூஸ் கட்டை தட்ட வேண்டியதுதான். அவன் ஒரு விதி வைத்திருக்கிறான். ஒலிக்குறிப்பில் மூன்றுக்குக் கீழே வாங்கியவர்களைக் கூப்பிட மாட்டான். அந்த விதியை நான் வைக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஈரச்சாக்குக்கு ஓர் இடம் வைத்திருந்தானாம். என் இரண்டைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டான். வேறு யாரும் கிடைக்காமல் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. நேற்று கேட்டான், "அண்ணே, எனக்கென்னமோ மனசு கேக்கல. அந்த ரெண்டு உறுதிதானா? ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரப் போட்டுடறேன். நாளைக்குப் பத்தரைக்கு போஸ்டர் அச்சுக்குப் போவுது." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. இடம் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? இன்றைக்கு ஒன்றை மாற்றினால், பதினோரு வருடத்து அரைப்பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். எங்களையும் முழுசாகக் கேள் என்பார்கள். யாரால் முடியும்? எதிர்வீட்டு மௌனத்தில் மட்டும் பதினாலு பாட்டு.

மணி என்ன? பத்தேகாலா?

என்ன சார் அது? இல்லை, இப்போது நீங்கள் முணுமுணுத்தீர்களே. இல்லையா? எனக்குக் காது இருக்கிறது. 'மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்று இழுத்தீர்கள். என் வாயிலிருந்து கேட்டதா? நான் அரைகுறையாக முணுமுணுத்ததைக் கேட்டே பிடித்துக்கொண்டீர்களா? பம்புசெட் ஏஜெண்ட்!

ஆனால் தப்பு. அந்த 'மற்றும்' இருக்கிறதே, அதை அவள் இழுக்க மாட்டாள். மேலே போகிற மாதிரி போய், சட்டென்று சாதாரணமாகப் பேசுகிற மாதிரி இறக்குவாள். கேளுங்கள்... ஆங், அப்படி. முன்சீட் அம்மா திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். மணவாளநல்லூருக்கு அப்புறம் நிறுத்துங்கள். மூச்சுகூட விடக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... இந்தச் சனியன் பிடித்த தகடுச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது, நீங்கள் மில்லுக்கே வந்து கேளுங்கள். கடைக்காரர்கள் ஓடிப் போகமாட்டார்கள். கரண்டே இல்லாத நாளில் பம்புசெட்டை எவன் ஓட்டிப் பார்க்கப் போகிறான்?

மறுபடியும் அவன்தான். மூன்றாவது தடவை. சே. ஒரு நிமிஷம் சார்.

"சொல்லு ஜெரோம்... ஆமா, வண்டியில இருக்கேன்... இல்லப்பா, என் மதிப்பெண் ரெண்டுதான். பதினோரு வருஷத்துல மாத்தினதில்ல, இப்பவும் மாத்த மாட்டேன். எழுதினது எழுதினதுதான். ஆனா ஒண்ணு. இங்க பக்கத்துல ஒருத்தர் இருக்கார். இசைன்னா என்னன்னே தெரியாதவர். அந்தப் பாட்ட ஒரே தடவையில புடிச்சிக்கிட்டார். உன் விழாவுக்கு வர்றவங்களும் இவர மாதிரி ஆளுங்கதானே? அவர் நாலரை குடுக்கறார்... ஆமாப்பா, நாலரை. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கறார், ரொம்பப் பிடிவாதக்காரர். நாலரைக்குக் கீழ எறங்கவே மாட்டாராம். அவர் பேச்ச நம்பிப் போட்டுக்கோ, என்னைக் கேக்காத... யாரா? இரு, கேட்டுச் சொல்றேன்."

சார், உங்கள் பெயர் என்ன? சீக்கிரம் சொல்லுங்கள். போஸ்டர் அச்சுக்குப் போகிறது.